புதிய பெட்டிக்குள் பழைய ஆட்டம்

இந்தத் தொழிலுக்கு இப்போது வந்திருக்கும் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் விற்கும் விளையாட்டுக்கு உடம்பே இல்லை. கம்பி வழியாக வந்து, வாங்கியவரின் கருவியில் இறங்கி, அவரோடு முடிந்துவிடுகிறது. ஆடி முடித்ததை அவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. இப்படி ஒரு காலம் வராதா என்று எங்கள் முதலாளிகள் ஏங்கினார்கள். வந்துவிட்டது. ஆனாலும் உங்கள் கூட்டங்களில் லாபம் போதவில்லை என்ற புலம்பல் நிற்கவில்லை என்று கேள்விப்படுகிறேன். ஆகவே, பழைய விளையாட்டுகளை வாங்கி விற்றவர்கள்தான் இந்தத் தொழிலைக் கெடுத்தார்கள் என்று யாராவது உங்களுக்குப் பாடம் எடுத்தால், இதையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் இருந்தேன். வீடியோ விளையாட்டுகளை இறக்குமதி செய்து கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் வட மாநிலக் கிளையில் வேலை. தலைமையகம் கோலாலம்பூரில். எங்கள் பெயர்ப்பலகையை மாட்டிய கடைகள் எங்கள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. விதிகள் எனக்கு மனப்பாடம். இதில் பெருமை இல்லை. தேவாரம் மனப்பாடமாகாத பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் இப்படி ஏதாவது மனப்பாடமாகிவிடுகிறது.

அந்த நாளில் ஒரு விளையாட்டு என்பது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கட்டை. கடைக்கு வருகிறவர்கள் அதைக் கேசட் என்பார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன். அசல் கேசட்டின் விலை ஒரு தொழிற்சாலை ஊழியரின் சம்பளத்தைக் கடித்துவிட்டுத்தான் அடங்கும். நீண்ட கதையுள்ள விளையாட்டுகளில் சின்ன பேட்டரி ஒன்று இருக்கும். பாதியில் நிறுத்திய ஆட்டத்தை, ஆடியவர் இட்ட பெயரோடு, அது நினைவில் வைத்திருக்கும். தொழில்நுட்பத்தில் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

சரோஜாவின் கடை பினாங்கு ரோட்டை ஒட்டிய ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. தையல் கடையாக இருந்ததை விளையாட்டுக் கடையாக மாற்றியவர். நாற்பதை நெருங்கும் வயது. வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தாதவர். கூட நின்று வேலை செய்தவர் தம்பி சேகர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தபோது வேலை இழந்து வந்தவர். கடையின் வலப்பக்கம் எங்கள் புதிய கேசட்டுகள். இடப்பக்கம் பழையவை, ஒவ்வொன்றிலும் ‘பழசு’ என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கும். ஆடி முடித்த கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு புதிதைத் தருவார்.

தலைமையகத்துக்கு இந்த இடப்பக்கம் கண்ணில் விழுந்த தூசு. பழைய கேசட் ஒன்று விற்றால் புதிய கேசட் ஒன்று விற்காமல் போகிறது என்பது அவர்கள் கணக்கு. எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். இதைச் சரோஜாவிடம் முறைப்படி எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“பழசை நான் எடுக்காட்டி, அவங்க புதுசு வாங்கக் காசுக்கு எங்க அண்ணே போவாங்க? பாசார் மாலாம்லதான் போய் நிப்பாங்க.”

இரவுச் சந்தையில் அப்போது திருட்டு நகல்கள் தள்ளுவண்டியில் குவிந்து கிடக்கும். அதைத்தான் சொன்னார்.

நான் அவர் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை வாங்கி ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடக்கூடிய விளையாட்டுகள் உண்டு. அப்படி ஒன்று திங்கட்கிழமை இடப்பக்கத்துக்கு வந்தால், அப்புறம் ஊரே அதை மாற்றி மாற்றி ஆடிக்கொள்ளும். வலப்பக்கத்தில் இருப்பதில் தூசி படியும். அதை உருவாக்கியவருக்கு அது நிச்சயம் நஷ்டம்தான். ஆனால் இடப்பக்கத்துக்கு வரவே வராத விளையாட்டுகளும் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்களுக்கு விற்க மனம் ஒப்பவில்லை. சூலியா தெருவில் பழைய புத்தகம் வாங்கித்தான் நான் பரீட்சைகள் எழுதினேன். கணக்குப் புத்தகம் எப்போதும் அடுக்கடுக்காகக் கிடைக்கும். நல்ல நாவல் கிடைக்காது. இந்த வித்தியாசத்தைத் தலைமையகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. பதில் வராத கடிதங்கள் எழுதுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

எங்கள் விதிக்கும் பினாங்குக்கும் ஒத்துப்போகாத இன்னொன்றும் இருந்தது. புதிய கேசட்டின் பிளாஸ்டிக் உறையைக் கடையில் பிரிக்கக் கூடாது என்பது விதி. இங்கே ஒரு பல்பு வாங்கினாலும் கடைக்காரர் மாட்டி எரியவிட்டுக் காட்ட வேண்டும். அதுவும் முதல் பல்பை யாரும் எடுப்பதில்லை. இன்னொன்றையும் எரியவிடச் சொல்லி, இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றை எடுப்பார்கள். கேசட்டுக்கும் அதே சட்டம்தான். வாங்குகிறவர் தன் கையால் உறையைக் கிழிப்பார், சரோஜா கடைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுவார்.

தீபாவளி நெருங்கிய ஒரு நாள், கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கிராணியார் என் அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத்துக் கணக்கெல்லாம் எழுதுகிறவர்; சட்டைப்பையில் இரண்டு பேனா. கூடவே பன்னிரண்டு வயதிருக்கும் மகள். மகளுக்காகச் சரோஜா கடையில் புதிய கேசட் கேட்டிருக்கிறார். மகளே உறையைக் கிழித்திருக்கிறாள். திரையில் முதல் வரிசையில் ‘ரசாக்’ என்று ஒரு பெயர், கடைசிக் கோட்டைவரை போய்விட்ட ஆட்டம். சரோஜா பதறிப்போய் வேறு தருகிறேன் என்றிருக்கிறார். இவர் கேட்காமல் கேசட்டையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டார்.

“எவனோ ஆடி முடிச்சதைப் புதுசுன்னு கவர் போட்டு விக்கிறாங்க சார். பழசு வாங்குற கடைதானே, அவங்களுக்கு இது பெரிய வேலையா?”

பயனீட்டாளர் அலுவலகத்துக்கும் பத்திரிகைக்கும் போவேன் என்றார். போகக்கூடியவர் என்று அந்தப் பேனாக்கள் சொல்லின. விதிப்படி நான் செய்ய வேண்டியவை இரண்டு. தலைமையகத்துக்குத் தெரிவிப்பது, வாங்கிய கடையிலேயே, நிறுவனத்தின் ஆள் முன்னால், பிரிக்காத இருப்பிலிருந்து மாற்றுக் கேசட் கொடுப்பது. மறுநாள் காலை கடைக்கு வரச் சொன்னேன். பிறகு கோலாலம்பூருக்குத் தொலைபேசினேன்.

அங்கே எங்கள் மேலாளர், என்னைவிட இளையவர், என்னைப் போலவே யாழ்ப்பாண வழிக் குடும்பம். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. ஒருவித நிம்மதி இருந்தது.

“ஐசே, இதுக்குத்தானே இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.”

காலை முதல் விமானத்தில் வந்து கடையின் பெயர்ப்பலகையைத் தன் கையாலேயே இறக்குவதாகச் சொன்னார். வைத்த பிறகும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதை உங்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் மேல் குற்றம் வராதா என்று காத்திருந்தவரிடம் அந்தக் குற்றச்சாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதற்கப்புறம் விசாரணை நடக்காது. சடங்குதான் நடக்கும்.

சரோஜாவின் கடைக்கு நடந்தேன். பலகை போனால் புதிய சரக்கு வராது. புதிது இல்லாத கடைக்கு யாரும் பழையதைக் கொண்டுவந்து மாற்ற மாட்டார்கள். இரண்டு பக்க அலமாரியும் ஒன்றாகச் சாகும். தீபாவளிக்கு எடுத்த சரக்கு வேறு அடுக்கியிருந்தது. கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது இதெல்லாம் இல்லை. இடப்பக்க அலமாரிக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையைச் சூடுகாட்டிச் சுருக்கி ஒட்டும் புத்தம்புது மிஷின் ஒன்று இருந்தது. ஆடிய கேசட்டைப் புதிதுபோல் உறையிட அது போதும்.

பழைய கேசட்டில் தூசி படாமலிருக்க வாங்கியதாகச் சேகர் சொன்னார். சொல்லிவிட்டு என் கண்ணைப் பார்க்கவில்லை. யாருடைய கண்ணையும் எளிதில் பார்க்காதவர் அவர். அதனால் எனக்கு எதுவும் தெளிவாகவில்லை. சாப்பிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினார். அவர் போனதும் சரோஜா கதவைச் சாத்தினார்.

“நான் செய்யல அண்ணே. அது சத்தியம்.” மிஷினைக் காலால் அலமாரிக்கடியில் இன்னும் உள்ளே தள்ளினார். “சேகர் செஞ்சானான்னுதான் தெரியல.”

“கேட்டியா?”

“கேட்டேன். இல்லைங்கிறான். மிஷின் வாங்குறப்ப எங்கிட்ட கேக்கல லா அவன். அதான் மனசு கிடந்து அடிச்சுக்குது.”

அலமாரிக்கு மேலே எங்கள் கிடங்கிலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்று பிரிக்காமல் இருந்தது. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட நாடா ஒட்டியபடியே. கிராணியார் வாங்கிய அதே விளையாட்டு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மனப்பாடமான விதி ஒன்று எனக்குள் தானாக ஓடியது. கடைகள் கோளாறு என்று திருப்பி அனுப்பும் கேசட்டை எங்கள் கிடங்கில் சோதித்து, கோளாறு இல்லாவிட்டால் மறுபடி உறையிட்டு இருப்பில் சேர்க்க வேண்டும். பொறுப்புள்ள விதி. ஆனால் வடக்கே சில கடைகள் வாரக் கடைசியில் கேசட்டை வாடகைக்கு விட்டு, திங்கட்கிழமை ‘கோளாறு’ என்று திருப்பி அனுப்புகின்றன என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சோதிக்கிறவர் படம் வருகிறதா என்று பார்ப்பார். உள்ளே யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.

இதைச் சரோஜாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதை அணைக்க வேண்டியிருந்தது.

“இது என் ஊகம் மட்டும்தான். நாளைக்கு விதிப்படி அந்தப் பெட்டியைப் பிரிச்சுத்தான் மாத்துக் கேசட் குடுக்கணும். உள்ளே பழசு இருந்தா நீ தப்பிச்சே. சுத்தமா இருந்தா, தப்பு உன் கடையிலதான்னு உறுதியாயிடும். சேகர் மேலதான் விழும்.”

“பிரிக்காட்டி?”

“பெட்டி இல்லைன்னு சொல்லிடு. நான் ஆபீசிலிருந்து ஒண்ணு எடுத்துக் குடுக்கிறேன். பலகை போகும். ஆனா சேகர் செஞ்சானா இல்லையான்னு யாருக்கும் தெரியாது.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி கையில் இருந்தால் உடனே பிரயோகித்துவிட வேண்டும் என்றுதான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அந்தச் சோதனை தவறிப்போனால் இழக்கப்போவது யார் என்று யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். நான் இழக்கப்போவது ஒரு ஊகம். அவர் கடையோடு தம்பியையும் இழப்பார். ஆகவே முடிவு என்னுடையது இல்லை.

சரோஜா நாற்காலியில் உட்கார்ந்தார். விற்ற கேசட்டின் காலி உறை ஒன்று மேசையில் கிடந்தது. அதை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

“பிரிங்க அண்ணே. பலகை போனா போகட்டும். எனக்கே தெரிஞ்சாகணும்.”

மறுநாள் காலை மேலாளர் கழுத்துப்பட்டையோடு வந்தார். கையில் ஒப்பந்த ரத்துக் கடிதம் தயாராக இருந்தது. கிராணியாரும் மகளும் படகேறி வந்து சேர்ந்திருந்தார்கள். முதலில் வாடிக்கையாளரின் காரியம், பிறகு கடிதம் என்று நான் விதியைச் சொன்னேன். விதியைச் சொன்னால் மேலாளர் மறுக்க மாட்டார். அவருக்கும் அதுதான் மதம். பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். நாடாவை அவர் சுற்றிவரப் பார்த்தார், ஒழுங்காகவே இருக்கிறது என்று சொன்னார், தன் சாவிக்கொத்திலிருந்த கத்தியால் தானே அறுத்தார்.

மேலிருந்த கேசட்டைக் கிராணியாரிடம் நீட்டினார். மகள் உறையைக் கிழித்தாள். சேகர்தான் அதை வாங்கிக் கருவியில் செருகினார். படம் வந்தது. பெயர் இடும் வரிசைகள் மூன்றும் காலி.

மேலாளர் புன்னகைத்தார். நிறுவனத்தின் சரக்கு எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறதா என்று ஆங்கிலத்தில் பொதுவாகச் சொல்லிவிட்டு, கடிதத்தை உறையிலிருந்து எடுத்தார். சரோஜா தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. சேகர் கருவியை விட்டுக் கையை எடுத்து இரண்டடி பின்னால் போய் நின்றார்.

கிராணியார் கேசட்டை வாங்கவில்லை.

“இன்னொண்ணு போடுங்க சார்.”

இதுதான் சுத்தமாக இருக்கிறதே என்றார் மேலாளர்.

“இருக்கு. ஒண்ணை மட்டும் பார்த்து வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்லை.”

மேலாளர் தோளைக் குலுக்கி இரண்டாவதை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அவசரம், மதிய விமானத்தில் திரும்ப வேண்டும். மகள் உறையைக் கிழித்தாள். இந்த முறை சேகர் அசையவில்லை, நான்தான் செருகினேன். படம் வந்தது. மகள் திரைக்குக் கிட்டே போய் நின்றாள்.

“அப்பா, இதிலேயும் ஒருத்தர் இருக்காங்க.”

‘மே லிங்’ என்று இருந்தது. பாதிவழி போயிருந்தார்.

கிராணியார் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, ரசீதின் பின்புறம் எதையோ எழுதிக்கொண்டார். மேலாளர் என் முழங்கையைப் பிடித்துக் கடைக்கு வெளியே நடைவழிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாடாவை யாரோ முன்பே பிரித்து மறுபடி ஒட்டியிருந்ததாக அறிக்கையில் எழுதச் சொன்னார். நாம் ஒரே ஆட்கள், இதை நமக்குள் முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

“நாடா ஒழுங்கா இருக்கெண்டு சொன்னது நீங்கள். அறுத்த கத்தியும் உங்கடை. உள்ளே நிக்கிற மனுசனுக்கு எழுதி வைக்கிறதுதான் தொழில்.”

அவர் நடைவழிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே போகிறவர்களைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் அப்போது கோபம் வரவில்லை. பழைய கேசட் தொழிலை அழிக்கிறது என்று உண்மையாகவே நம்பியவர். நாட்டிலேயே பெரிய பழைய கேசட் கடை எங்கள் கிடங்குதான் என்று அவருக்குத் தெரிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே வித்தியாசம், நாங்கள் ‘பழசு’ என்று எழுதி ஒட்டவில்லை.

நாங்கள் உள்ளே திரும்பியபோது கிராணியாரின் மகள் இடப்பக்க அலமாரி முன்னால் நின்றிருந்தாள். அதே விளையாட்டின் பழைய கேசட் ஒன்றை, அபூர்வமாக வந்ததை, சரோஜா போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஆயர் ஈத்தாமில் ஒரு டீச்சர் மகன் கொடுத்தது, பரீட்சை என்று அம்மா விற்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். உள்ளே அந்தப் பையனின் ஆட்டம் இருந்தது. அழிக்கவா என்று கேட்டார். மகள் வேண்டாம் என்றாள். அவன் எதுவரை போனான் என்று பார்க்க வேண்டுமாம். கிராணியார் விலை வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினார்.

மேலாளர் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார். கடை எப்போதும்போல நடக்கலாம் என்றார். பழைய அலமாரியையும் வைத்துக்கொள்ளலாம், நிறுவனம் கண்டுகொள்ளாது; இன்று நடந்ததை மட்டும் வெளியில் பேச வேண்டாம். பெருந்தன்மையான ஏற்பாடு. நான்கூட ஒத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

சரோஜா அவருக்குப் பதில் சொல்லாமல் தம்பியிடம் போனார். சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோளில் கை வைத்தபடியேதான் சரோஜா பேசினார்.

“இவனை ராத்திரி பூரா திருடன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன் சார். நீங்க ஒட்டி அனுப்புன பிளாஸ்டிக்கை நம்பி, கூடப் பிறந்தவனை நம்பல. புதுசுன்னு சொல்லி விக்க இனிமே எனக்குப் பயமா இருக்கு. பழசுன்னா யாரு கையிலேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். பலகையை எடுத்துட்டுப் போங்க.”

மேலாளர் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். சேகர் அதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

அடுத்த ஆண்டுக் கூட்டம் கோலாலம்பூரில் ஒரு ஓட்டலில் நடந்தது. பழைய கேசட் வியாபாரத்தால் நாம் இழந்த கடைகள் என்று திரையில் ஒரு பட்டியல் காட்டினார்கள். பினாங்குப் பகுதியில் ஒரே ஒரு கடை, சரோஜாவுடையது. நான் கையைத் தூக்கினேன். தேநீர் இடைவேளைக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இடைவேளைக்குப் பிறகு அடுத்த திரைக்குப் போய்விட்டார்கள். நான் கையை இறக்கவில்லை.